எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: பெருந்தொற்றுக் காலத்தில் யாருக்கு முதலிடம்?

போன மாதக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "குண்டாக இருப்பவர்கள் இளைப்பதற்காகச் செய்துகொள்கிற ஆபரேஷன்தானே சார்? ஊரே கொரோனாவில் மூச்சுக்குத் திண்டாடியபோது அதைத் தள்ளிப்போட்டதில் என்ன தவறு?" தவறு இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, தவறு என்று சொல்லவும் வரவில்லை. பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்பதை நின்றுகொண்டு சொல்ல முடியாது என்பதால் இந்தக் கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் அல்ல. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு முப்பத்தேழு வருஷம் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். இந்த விஷயத்தை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தங்கையின் கணவர். அவர் கதை பின்னால் வரும். எழுதியதை நமக்குத் தெரிந்த ஒரு சர்க்கரை நோய் டாக்டரிடம் காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறேன். அப்படியும் பிழை இருந்தால் அது என்னுடையது.

ஆபரேஷன் என்ன செய்கிறது?

பலர் நினைப்பதுபோல் இது வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகு சிகிச்சை அல்ல. இப்போது அதிகம் செய்யப்படுபவை இரண்டு முறைகள். ஒன்றில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இதற்கு ஸ்லீவ் என்று பெயர். இன்னொன்றில் இரைப்பையின் மேல் பாகத்தில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சின்னப் பையை உண்டாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். ரயில்வே பாஷையில் பைபாஸ் லைன். டாக்டர்களும் அதை பைபாஸ் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டுமே சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுபவை.

கொஞ்சமாகச் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவதால் எடை குறைகிறது என்பது பாதி உண்மைதான். குடலில் சுரக்கும் சில ஹார்மோன்களின் அளவு மாறுகிறது. பசியைத் தூண்டுவது குறைகிறது, இன்சுலினைச் சுரக்க வைப்பது கூடுகிறது. அதனால்தான் பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு, எடை குறையத் தொடங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கிவிடுகிறது. இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இளைக்க வைக்கும் ஆபரேஷன் என்று நாம் சொல்வது சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், கல்லீரல் கொழுப்பு எல்லாவற்றுக்கும் சேர்ந்த வைத்தியம். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் இரண்டாயிரம் பேரையும் செய்துகொள்ளாத சுமார் இரண்டாயிரம் பேரையும் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். செய்துகொண்டவர்களிடம் மரணம் கால் பங்குக்கு மேல் குறைவாக இருந்ததாக 2007-ல் முடிவு வெளியிட்டார்கள்.

யாருக்குச் செய்யலாம் என்று தீர்மானிக்க ஒரு எண் இருக்கிறது. எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வரும் விடையால் எடையை வகுக்க வேண்டும். 72 கிலோ எடையும் 1.65 மீட்டர் உயரமும் உள்ளவருக்கு 26.4 வரும். இதற்கு பி.எம்.ஐ. என்று பெயர். அமெரிக்காவில் 1991-ல் போட்ட விதிப்படி 40-க்கு மேல் இருந்தால் ஆபரேஷன் செய்யலாம். கூடவே சர்க்கரை போன்ற நோய்கள் இருந்தால் 35 போதும். நம்மவர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுவதால், இந்தியாவில் 37.5, 32.5 என்று இறக்கி வைத்துக்கொண்டார்கள். 2022-ல் உலக அளவிலும் இந்த எல்லைகளைத் தாழ்த்திவிட்டார்கள்.

இந்த எண் யாருக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லும். யாருக்கு முதலில் என்று சொல்லாது. கட்டுரையின் சங்கதியே இதுதான்.

2020-ல் நடந்தது

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 17 அன்று இங்கிலாந்தில் அரசு மருத்துவத் துறை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கடிதம் அனுப்பி, அவசரமில்லாத ஆபரேஷன்களை ஏப்ரல் 15-க்குள் நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொன்னது. இங்கே மார்ச் 22 நள்ளிரவிலிருந்து பயணி ரயில்கள் நின்றன. 25-ஆம் தேதி ஊரடங்கு. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. என் சர்வீஸில் எத்தனையோ ஸ்ட்ரைக்கும் வெள்ளமும் பார்த்திருக்கிறேன். நாடு முழுக்கப் பயணி வண்டி ஒன்றுகூட ஓடாத நாளைப் பார்த்ததில்லை.

தள்ளிவைத்ததற்குக் காரணங்கள் நியாயமானவை. மயக்க மருந்து டாக்டரும் வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் கொரோனா நோயாளிகளுக்குத் தேவைப்பட்டன. பாதுகாப்பு உடைகள் போதவில்லை. ஆபரேஷனுக்கு வந்தவருக்கு ஆஸ்பத்திரியிலேயே தொற்று வந்துவிடும் பயமும் இருந்தது. அந்தப் பயம் கற்பனை அல்ல. 24 நாடுகளில் 235 ஆஸ்பத்திரிகளிலிருந்து விவரம் சேகரித்து 2020 மே மாதம் ஒரு ஆய்வு வெளியானது. ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் கொரோனா தொற்றிய 1,128 பேரைக் கணக்கெடுத்ததில், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 23.8 பேர். சாதாரணக் காலத்தில் எடைக் குறைப்பு ஆபரேஷனில் ஆயிரத்துக்கு ஓரிருவர்கூட இறப்பது அரிது. இதைக் கேட்டபின் "கதவைச் சாத்துங்கள்" என்று யாருமே சொல்லியிருப்பார்கள். ஆகவே சாத்தியது சரி. அன்பரின் கேள்வியில் சரியான பாதி இது.

உலகம் முழுக்க, நெருக்கடி உச்சத்தில் இருந்த 12 வாரங்களில் மட்டும் சுமார் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் என்று அதே ஆய்வுக் குழு மதிப்பிட்டது. சிக்கல் கதவைத் திறக்கும்போது வருகிறது. வாசலில் இத்தனை பேர், உள்ளே இடம் கொஞ்சம். யாரை முதலில் கூப்பிடுவது?

எங்கள் வீட்டில்

என் தங்கையின் கணவர் இதே நாக்பூரில் இருப்பவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். 2020-ல் அவருக்கு 51 வயது, எடை 118 கிலோ, உயரம் 1.68 மீட்டர், எண் 41.8. பதினான்கு வருஷச் சர்க்கரை. இரண்டு வேளை இன்சுலின் போட்டும் மூன்று மாதச் சராசரி 9.4-க்குக் கீழே வரவில்லை. சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருந்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் 1.3. இரவில் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்பதால் முகமூடி மிஷின் போட்டுக்கொண்டு தூங்குவார். ஜனவரியில் பதிவு செய்து, ஏப்ரல் 2 ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். மார்ச் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, மறு அறிவிப்பு வரும் வரை இல்லை என்று.

செப்டம்பரில் இந்த ஊரில் தொற்று உச்சத்துக்குப் போய் இறங்கியது. நவம்பரில் அந்த ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரைத் திறந்தது. வாரத்துக்கு இரண்டு பேர் என்று கணக்கு. பட்டியலை அவர்கள் எண்ணின்படி போட்டார்கள்: 50-க்கு மேல் உள்ளவர்கள் முதலில், பிறகு 45, பிறகு மற்றவர்கள். மாப்பிள்ளைக்கு மார்ச் மாதம் என்றார்கள். அவருக்கு முன்னால் போனவர்களில் ஒரு இளைஞனை எங்களுக்குத் தெரியும். 27 வயது, 150 கிலோ, 1.70 மீட்டர் உயரம். எண் கிட்டத்தட்ட 52. மூட்டு வலி தவிர அவனுக்கு வேறு நோய் கிடையாது. நல்ல பையன், அவன்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போய் சண்டை போட்டேன். "நாங்கள் ஜனவரியிலேயே பதிந்தவர்கள், அவர் பிப்ரவரியில்தான் வந்தார், வரிசை என்று ஒன்று இல்லையா?" என்று ரிசர்வேஷன் கவுண்டரில் நிற்பவன் மாதிரிக் கேட்டேன். மாப்பிள்ளையின் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் எடையைச் சொன்னார்கள், நான் தேதியைச் சொன்னேன். எடையும் தேதியும் பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 2021 வந்தது. நாக்பூரில் இரண்டாம் அலை மற்ற ஊர்களைவிட முன்னாலேயே தொடங்கியதும், 15-ஆம் தேதியிலிருந்து ஊரடங்கு போட்டதும் இங்கே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. தியேட்டர் மறுபடி மூடியது. ஏப்ரலில் ஆக்சிஜனே இல்லை. விசாகப்பட்டினத்திலிருந்து முதல் ஆக்சிஜன் ரயில் ஏழு டாங்கர்களோடு ஏப்ரல் 23 அன்று இங்கே வந்து மூன்றை இறக்கிவிட்டு, நான்கை நாசிக்குக் கொண்டுபோனது. (அந்த வண்டி காலி டாங்கர்களோடு விசாகப்பட்டினம் போகும்போது மலைப்பாதைச் சுரங்கங்களில் உயரம் போதாது என்பதால் வசாய், சூரத், புசாவல் என்று சுற்றிப் போனது. ரயில்வேக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) அந்த நிலையில் எடைக் குறைப்பு ஆபரேஷனைப் பற்றிப் பேசவே வெட்கமாக இருந்தது. கடைசியில் 2021 ஆகஸ்டில் மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் நடந்தது. அதற்கு முந்தைய வாரம் எடுத்த கிரியேட்டினின் 2.1. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போடுவார்கள். அது பதினாறு மாதத்தில் 66-லிருந்து 37-க்கு வந்திருந்தது.

2020-லோ நவம்பரிலோ செய்திருந்தால் இது நடந்திருக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சிறுநீரக டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "போனது திரும்பாது, போகிற வேகம் குறைந்திருக்கலாம்" என்றார்.

தண்டவாளத்தில் கற்றது, ஆஸ்பத்திரியில் மறந்தது

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். என் சொந்தத் தொழிலில் இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒருநாளும் எடையையோ தேதியையோ பார்த்துப் பதில் சொன்னதில்லை.

தண்டவாளத்தின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் மிஷினைத் தள்ளிக்கொண்டு போய்ச் சோதிப்போம். குறை தெரிந்தால் அதன் தன்மையைப் பார்த்து வகைப்படுத்துவோம். ஐ.எம்.ஆர். என்றால் உடனே மாற்ற வேண்டியது; சிவப்புப் பெயின்டில் மூன்று பெருக்கல் குறி போடுவோம். ஓ.பி.எஸ். என்றால் கவனத்தில் வைத்திருக்க வேண்டியது. ஒரு பெருக்கல் குறி. முப்பது வருஷம் பழையதாகித் தலை தேய்ந்த தண்டவாளம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் உள்ளே குறை இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஐந்து வருஷத்துத் தண்டவாளம் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு விரிசல் இருந்தால் அடுத்த குளிர்கால ராத்திரியில் ஒடிந்துவிடும். முதலில் எதை மாற்றுவோம்? வெளியிலிருந்து பார்ப்பவன் தேய்ந்ததைக் காட்டுவான், நாங்கள் விரிசல் உள்ளதை மாற்றுவோம்.

மூன்று நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது விதி. அதுவரை சும்மா இருக்க மாட்டோம். குறை உள்ள இடத்தில் இரண்டு பக்கமும் பிஷ்பிளேட் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, வண்டிகளை 30 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்லி, காவலுக்கு ஆள் நிறுத்துவோம். காத்திருக்கும் காலத்துக்கும் ஒரு வேலைத்திட்டம் உண்டு. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டாக்டர்கள் வகுத்த வரிசை

நான் சண்டை போட்டுக்கொண்டிருந்ததற்கு ஆறு மாதம் முன்பே, 2020 மே மாதத்தில், இதற்கான விடையை லான்செட் குழுமத்தின் சர்க்கரை நோய் இதழில் வெளியிட்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லண்டன் கிங்ஸ் காலேஜ் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிரான்செஸ்கோ ரூபினோவும் பல நாட்டு நிபுணர்களும் சேர்ந்து எழுதியது. அதன் சாரம் இது: எடையை மட்டும் பார்த்து வரிசை போடுவது நோயின் கடுமையைக் காட்டாது. தாமதத்தால் யாருக்கு உயிருக்கோ உறுப்புக்கோ அதிக ஆபத்து வரும், அந்த ஆபத்தை இந்த ஆபரேஷன் குறைக்குமா, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் முன்னால் வருபவர்கள் அவசரக்காரர்கள். முன்பே இந்த ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது தையல் கசிந்தவர், குடல் முறுக்கிக்கொண்டவர், ரத்தம் போகிறவர், தண்ணீர்கூட இறங்காதவர். இவர்களுக்குப் பெருந்தொற்று என்ன, பிரளயம் வந்தாலும் தியேட்டர் திறக்க வேண்டும். விபத்து நிவாரண வண்டிக்கு எல்லா வண்டியும் வழிவிடுவது போல.

அடுத்து, தேதி குறித்துச் செய்யக்கூடியதுதான் என்றாலும் சீக்கிரம் செய்ய வேண்டியவர்கள். பல மருந்து கொடுத்தும் இன்சுலின் போட்டும் கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், சர்க்கரையோடு இருதய நோயோ சிறுநீரகக் கோளாறோ சேர்ந்தவர்கள், கல்லீரலில் கொழுப்பு அழற்சியாக மாறியவர்கள், எடையால் மூச்சே அழுந்திப்போனவர்கள், எடை குறைந்தால்தான் மாற்று உறுப்பு பொருத்த முடியும் என்று வேறொரு சிகிச்சைக்காகக் காத்திருப்பவர்கள். இந்தப் பட்டியலைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் பைலைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

மீதிப் பேர் சாதாரண வரிசை. அவர்களுக்கும் ஆபரேஷன் தேவைதான், ஆனால் சில மாதத் தாமதத்தால் திரும்ப முடியாத நஷ்டம் பொதுவாக வராது. அந்த 27 வயதுப் பையன் இதில் வந்திருப்பான். எண் மிகவும் அதிகமாகி, எடையே மூச்சையும் நடையையும் நிறுத்தும் அளவுக்குப் போனால் அதுவும் ஒரு கடும் நோய்தான். எடையை அடியோடு பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை.

பதிவு செய்த தேதிக்கும் ஒரு இடம் உண்டு. ஒரே வகையில் இருவர் வந்தால் முதலில் வந்தவர் முதலில் போகட்டும். நான் அதைத் தலைவாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மறுபக்கம்

இதை எழுதியதைப் பார்த்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "உங்கள் மாப்பிள்ளை மாதிரி சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவருக்கு ஆஸ்பத்திரியில் கொரோனா வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? அந்த 27 வயதுப் பையன் பிழைத்திருப்பான். பாதுகாப்பானவர்களிடமிருந்து ஆரம்பிப்போம் என்று நினைத்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது அல்லவா?"

இருக்கிறது. யாருக்கு ஆபரேஷன் மிக அவசரமோ அவருக்கே தொற்று மிக ஆபத்து. இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தியேட்டரைத் திறக்கலாமா என்பது ஒன்று. ஊரில் தொற்று எவ்வளவு, படுக்கை காலியா, கொரோனா வார்டுக்குத் தனி வாசல் உண்டா, வருபவருக்குப் பரிசோதனை செய்தாயிற்றா என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது அது. தொற்று வந்து போனவருக்குக் குறைந்தது ஏழு வாரம் கழித்துத்தான் ஆபரேஷன் செய்வது நல்லது என்று 2021 மார்ச்சில் வந்த ஆய்வு சொன்னது. அதுவும் இந்தக் கேள்வியில் சேரும். திறந்தபின் யார் முதலில் என்பது இரண்டாவது கேள்வி. அங்கே நோயின் ஆபத்துதான் பேச வேண்டும். பாலம் பலமில்லாவிட்டால் எந்த வண்டியையும் விடாதே. பாலம் சரியென்று சான்றிதழ் கொடுத்தபிறகு, லேசான வண்டியாகப் பார்த்து விடுகிறேன், மருந்து ஏற்றிய வண்டி நிற்கட்டும் என்று சொல்லாதே.

அப்படியும் சிலர் விஷயத்தில் ஆபத்து இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். அங்கே நோயாளியையும் குடும்பத்தையும் உட்கார வைத்துக் கணக்கைச் சொல்லி அவர்களையே கேட்க வேண்டும். எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.

கொரோனாவே பருமனானவர்களைத் தேடித் தாக்கியது என்பதும் இந்தக் கணக்கில் சேர்கிறது. இங்கிலாந்துப் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் 2020 ஏப்ரலில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்வந்தபின், தன் எடையும் ஒரு காரணம் என்று பகிரங்கமாகச் சொன்னார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 2021 கடைசியில் ஒரு ஆய்வை வெளியிட்டது. முன்பே எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் செய்துகொள்ளாத பருமனானவர்களுக்கும் கொரோனா தொற்றியது ஏறக்குறைய சமமாகத்தான். ஆனால் செய்துகொண்டவர்களிடம் ஆஸ்பத்திரியில் சேரும் நிலை 49 சதவீதமும், நோய் கடுமையாவது 60 சதவீதமும் குறைவாக இருந்தது. பெருந்தொற்று வந்ததால் தள்ளிவைத்த சிகிச்சையே பெருந்தொற்றுக்கு ஒரு கவசம் என்றாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாரடைப்புக்காக வரிசையில் நிற்பவரைப் பார்த்து "ஏன் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டாய்" என்று யாரும் கேட்பதில்லை. பருமனானவரை எல்லாரும் கேட்கிறார்கள். "வாயைக் கட்டினால் போதுமே" என்ற எண்ணம் டாக்டர்கள், நிர்வாகிகள் மனத்திலும் இருந்தால், பட்டியல் போடும்போது பேனா தானாகவே அவர்களைக் கீழே தள்ளிவிடும். மாப்பிள்ளையின் தட்டைப் பார்த்து நானே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

காத்திருக்கும்போது

கிளாம்ப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஆள் நிறுத்துவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதுபோல ஆபரேஷன் தள்ளிப்போனவருக்கு அந்த இடைவெளியிலும் சிகிச்சை தொடர வேண்டும் என்று அந்த 2020 பரிந்துரையிலேயே இருக்கிறது. உணவுத் திட்டம், மருந்தைக் கூட்டிக் குறைப்பது, போனிலாவது டாக்டரிடம் பேசுவது. எங்களுக்கு வந்தது "மறு அறிவிப்பு வரும் வரை" என்ற வாக்கியம் மட்டும். பதினாறு மாதத்தில் மாப்பிள்ளைக்குச் சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறோம். வெளியே போகப் பயந்து நாங்களும் போகவில்லை. பட்டியலில் இருப்பவரின் நிலைமை மாறினால் வகையும் மாற வேண்டும், ஓ.பி.எஸ். போட்ட தண்டவாளத்தை நாங்கள் திரும்பத் திரும்பச் சோதிப்பது அதற்குத்தான். சோதித்தே பார்க்காவிட்டால் மாற்றுவது எப்படி?

2025-ல் டிர்செபடைடு, செமாகுளுடைடு என்று எடையைக் குறைக்கும் ஊசிகள் இந்தியக் கடைகளுக்கு வந்தன. அப்போது விலை அதிகமாக இருந்தது, நிறுத்தினால் எடை திரும்புகிறது என்கிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் காலத்தில் கிளாம்ப் போலப் பயன்படும். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. பி-12, இரும்பு, கால்சியம் போன்றவற்றை ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரடங்கு என்று அதை விட்டுவிட்டால் நரம்பும் எலும்பும் பாதிக்கப்படும்.

நம் உறுப்பினர் குடும்பங்களில் இந்த ஆபரேஷனுக்கு யோசித்துக்கொண்டிருப்பவர்கள் சிலர் உண்டு என்பதால் காகித விஷயம் ஒன்று. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது வாசகத்தின்படி, 18 வயது நிறைந்து, டாக்டரின் ஆலோசனையின் பேரில், எண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தச் செலவை ஏற்கலாம். எண் 35-லிருந்து இருந்தால், மற்ற வழிகளில் எடை குறையாமல் போயிருந்து, இருதய நோயோ, கடுமையான தூக்க மூச்சுத் திணறலோ, கட்டுப்படாத சர்க்கரையோ கூட இருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு டாக்டர்கள் 32.5 போதும் என்கிறார்கள், பாலிசி 35 என்கிறது. இடையில் மாட்டிக்கொண்டவர்கள் கைக்காசுதான் போட வேண்டியிருக்கிறது.

ஆபரேஷன் பட்டியலில் பெயர் கொடுக்கும்போது எடைச் சீட்டு மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின், ஈ.சி.ஜி., தூக்கப் பரிசோதனை அறிக்கை, கல்லீரல் ஸ்கேன் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து பைலில் சேர்க்கச் சொல்லுங்கள். "என்னை எந்த வகையில் வைத்திருக்கிறீர்கள், எதை வைத்து?" என்று கேளுங்கள். மறுபடி தியேட்டர் மூடும் நாள் வந்தால், இடையில் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பீர்கள் என்றும் கேட்டு, எழுதி வாங்குங்கள். நான் கேட்க வேண்டியிருந்தவை இவைதான்.

மாப்பிள்ளை இப்போது 84 கிலோ. இன்சுலின் நின்றுவிட்டது. முகமூடி மிஷின் பரணில் இருக்கிறது. கிரியேட்டினின் 2.1-க்கும் 2.3-க்கும் நடுவே நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை தங்கை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அடுத்த சோதனை வரும் திங்கட்கிழமை. "நீங்களும் வாங்க மச்சான், ஆனா அங்க யாரோடயும் சண்டை போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.